ஜிம் சந்தாவை இடையில் முடித்துக்கொள்வது எப்படி?

ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டு மூன்றாம் மாதத்தில் ஜிம்மை விட்டு விலக நேர்பவருக்கு அங்கே பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் ‘கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்ற வரியைச் சுட்டிக்காட்டுவார்கள். கையெழுத்துப் போட்டது நாம்தானே என்று எண்ணிப் பலரும் அந்த இடத்திலேயே பணத்தைக் கைகழுவிவிடுகிறார்கள். அந்த வரி ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனை மட்டுமே, சட்டத்துக்கு மேற்பட்டதல்ல. அதே வேளையில், சேர்ந்த இத்தனை நாளுக்குள் விலகினால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று ஜிம் சந்தாக்களுக்கெனத் தனிச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை, நீங்கள் விலகும் காரணமும் அதை எந்தத் தேதியில், எப்படி எழுத்தில் வைத்தீர்கள் என்பதுமே முடிவு செய்கின்றன.

காரணம் எந்த வகையைச் சேர்ந்தது?

கடிதம் எழுத உட்காருவதற்கு முன், விலகும் காரணம் ஜிம்மின் தவறா, உங்கள் சூழ்நிலை மாற்றமா, அல்லது வெறும் மனமாற்றமா என்பதை உங்களுக்குள் நேர்மையாகத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் சட்டம் தரும் வலு ஒன்றல்ல.

ஜிம்மின் தவறு என்றால் உங்கள் நிலை மிக வலுவானது. குளிர்சாதன வசதி உண்டு என்று சொல்லிச் சேர்த்துவிட்டு மாதக்கணக்கில் அதை இயக்காதது, பழுதான டிரெட்மில்களைச் சரிசெய்யாமலே விட்டது, பெண்களுக்கெனத் தனி நேரம் தருவதாகச் சொல்லிப் பின்னர் அதை எடுத்துவிட்டது, கிளையை ஊரின் மறுகோடிக்கு மாற்றியது ஆகியவை எல்லாம் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘சேவைக் குறைபாடு’ என்று சொல்வதற்குள் அடங்கக்கூடியவை. இச்சட்டத்தின் பெரும்பகுதி 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறைபாடுள்ள சேவையை நிறுத்தி, வாங்கிய பணத்தை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் ஏதும் குறிக்கப்படவில்லை என்றால் 30 நாட்களுக்குள், திருப்பித் தர மறுப்பதை இதன் 2(47)-ஆவது பிரிவு நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஆகவே, குறை ஜிம்மின் பக்கம் இருக்கும்போது ‘பணம் திரும்பாது’ என்ற வரி அவர்களைக் காப்பாற்றாது.

எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, கர்ப்பம், வேறு ஊருக்குப் பணி மாறுதல் போன்றவை இரண்டாம் வகை. இங்கே ஜிம் எந்தத் தவறும் செய்யவில்லை. சேவை தர அது தயாராகவே இருக்கிறது. ஆனாலும் முழுப் பணத்தையும் அவர்களே வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறியவரிடமிருந்து மறுதரப்பு பெறக்கூடியது நியாயமான இழப்பீடுதான். ஒப்பந்தத்தில் எழுதிவைத்த தொகை அதன் மேல்வரம்பு மட்டுமே. டில்லி வளர்ச்சி ஆணையத்துக்கு எதிரான கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில், எந்த இழப்பும் ஏற்படாத நிலையில் முன்பணத்தைப் பறிமுதல் செய்துகொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. அது நில ஏலம் பற்றிய வழக்கு என்றாலும், அதில் சொல்லப்பட்ட கொள்கையை உங்கள் கடிதத்தில் எடுத்துக்காட்டலாம். கூடவே மருத்துவர் சான்றோ, மாறுதல் உத்தரவோ கட்டாயம் இணைய வேண்டும். “சில மாதங்கள் ஜிம் பயிற்சி கூடாது” என்று காலத்தையும் தடையையும் குறிப்பிட்ட சான்று, “ஓய்வு தேவை” என்ற பொதுவான சான்றைவிடப் பல மடங்கு பயன்படும்.

மூன்றாம் வகையில், அதாவது ஆர்வம் குறைந்தது, நேரம் ஒத்துவரவில்லை, வீட்டருகே மலிவாக வேறொன்று திறந்திருக்கிறது என்பனவற்றில், உங்கள் கை தாழ்ந்தே இருக்கிறது. இல்லாத குறையை ஜிம்மின் மேல் சுமத்திப் புகார் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது தவறு என்பதோடு, நுகர்வோர் ஆணையத்தின் முன் நிற்கவும் செய்யாது. சந்தாவை இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தரக் கேட்பது, சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கக் கேட்பது, பேசிப் பாதித் தொகையையாவது பெறுவது ஆகியவையே இங்கே நடைமுறைக்கு ஏற்ற வழிகள்.

இவற்றோடு இன்னொன்றையும் சரிபாருங்கள். சேரும்போது உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு 18 வயது நிரம்பாமல் இருந்து, படிவத்தில் அவரே கையெழுத்திட்டிருந்தால், அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. சிறார் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தந்த மோகரி பீபி தீர்ப்பு முதல் நிலைபெற்ற சட்டம். பிளஸ் டூ முடித்த விடுமுறையில் ஜிம்மில் சேரும் பிள்ளைகள் எத்தனையோ பேர் என்பதால் இது அடிக்கடி பொருந்தக்கூடியது.

எவ்வளவு கேட்பது?

முழுத் தொகையையும் கேட்டு எழுதுவது பலர் செய்யும் தவறு. பயன்படுத்திய மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் கேட்டால், நியாயமான கோரிக்கையும் நியாயமற்றதாகத் தோன்றிவிடும். 12 மாதங்களுக்கு 18,000 ரூபாய் கட்டி, 3 மாதங்கள் சென்றிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 1,500 ரூபாய் வீதம் 4,500 ரூபாயைக் கழித்தால் மீதி 13,500 ரூபாய். ஆனால் ஜிம் வேறொரு கணக்கைச் சொல்லக்கூடும்: தனி மாதச் சந்தா 2,500 ரூபாய், ஓராண்டு இருப்பதாகச் சொன்னதால்தான் சலுகை தந்தோம், ஆகவே 3 மாதங்களுக்கு 7,500 ரூபாய் போக 10,500 ரூபாய்தான் தருவோம் என்பார்கள்.

குறை ஜிம்முடையது என்றால் முதல் கணக்கில் உறுதியாக நில்லுங்கள். சலுகையை இழக்கச் செய்தது அவர்கள்தான். உங்கள் சூழ்நிலையால் விலகுகிறீர்கள் என்றால் இரண்டாவது கணக்கு நியாயமானதே என்பது என் கருத்து. அதை ஏற்றுக்கொள்ளத் தயார் என்று கடிதத்திலேயே சொல்லிவிட்டால், பின்னர் எந்த மன்றத்திலும் நீங்கள் நியாயமாகப் பேசியவராகத் தெரிவீர்கள். பெர்சனல் டிரெயினருக்கெனத் தனியாகக் கட்டிய தொகை இருந்தால், அது பெரும்பாலும் வேறு ரசீதில், மாதக் கணக்கில் அல்லாமல் வகுப்பு எண்ணிக்கையில் இருக்கும்; அதைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

ஜிஎஸ்டியை அரசுக்குக் கட்டிவிட்டோம், அதைத் திருப்பித் தர முடியாது என்று சொல்வதும் வழக்கம். திரும்பத் தரும் தொகைக்குக் கிரெடிட் நோட் (ரசீதுத் தொகையைக் குறைத்துக் காட்டும் ஆவணம்) கொடுத்துத் தன் வரியைச் சரிசெய்துகொள்ள, வரிச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு விற்பவருக்கு வழி வைத்திருக்கிறது. அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 அதற்குக் கடைசி நாள் என்பதால், கோரிக்கையைத் தள்ளிப்போடாமல் இருப்பது உங்களுக்கே நல்லது. ஜிம் சேவைக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் கட்டியவர்கள் தாங்கள் கட்டிய விகிதத்திலேயே கணக்கிட வேண்டும்.

எழுத்தில் வையுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் தோள் தசைநார் கிழிந்து நானும் இப்படி விலக நேர்ந்தது. மூன்று முறை நேரில் போய்ப் பேசினேன். ஒவ்வொரு முறையும் மேலாளர் வெளியில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். கடைசியில் மின்னஞ்சல் அனுப்பிய நான்காம் நாள் மேலாளரே அழைத்தார். ஆனால் நான் அலைந்த ஐந்து வாரங்களையும் ‘பயன்படுத்திய காலம்’ என்றே கணக்கில் சேர்த்தார்கள். முன்பே சொன்னேன் என்பதற்கு என்னிடம் எழுத்தாக எதுவும் இருக்கவில்லை. வாய்ப்பேச்சு எவ்வளவு நல்ல முறையில் நடந்தாலும், அன்று மாலையே அதைச் சுருக்கி வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

முதலில் ஆவணங்களைத் திரட்டுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்களிடம் இல்லையென்றால் ஜிம்மிடம் எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பும் ஓர் ஆதாரம்தான். ரசீது, பணம் செலுத்திய விவரம், சேரும்போது காட்டிய விளம்பரம், டிரெயினருடனோ விற்பனையாளருடனோ நடந்த வாட்ஸ்அப் உரையாடல், பழுதான கருவிகளின் தேதியிட்ட படங்கள் ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். உரையாடல் இருக்கும் கைபேசியை மாற்ற நேர்ந்தால் பழையதை அழிக்காமல் வையுங்கள். மின்னணு ஆதாரத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றளிக்க வேண்டி வந்தால் அது உதவும்.

படிவத்தில் நிறுத்திவைக்கும் வசதி, பெயர் மாற்றும் வசதி, முன்னறிவிப்புக் காலம், விலகல் கட்டணம் ஆகியவை பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். விலகுவதற்கு ஒப்பந்தமே வழி சொல்லியிருந்தால் அதன்படியே செல்லுங்கள். ‘வழக்குகள் மும்பை நீதிமன்றத்தில் மட்டும்’ என்பது போன்ற வரியைக் கண்டு தயங்க வேண்டாம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரின் ஆணையத்திலேயே புகார் தர நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு இடமளிக்கிறது. நடுவர் மன்றத்துக்குத்தான் செல்ல வேண்டும் என்ற வரியும் நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது. 2018 டிசம்பரில் எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

கடிதம் இவ்வாறு அமையலாம்:

“மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் … கிளையில் நான் உறுப்பினர் எண் … ஆகச் சேர்ந்து, … தேதியிட்ட ரசீது எண் … வழியாக 12 மாதங்களுக்கு 18,000 ரூபாய் செலுத்தியுள்ளேன். … தேதி முதல் குளிர்சாதன வசதியும் இரண்டு டிரெட்மில்களும் இயங்கவில்லை. இதுகுறித்து …, … ஆகிய தேதிகளில் வாட்ஸ்அப் வழியாகத் தெரிவித்தும் சரிசெய்யப்படவில்லை. இது சேவைக் குறைபாடு என்பதால், இக்கடிதத்தின் தேதியிலிருந்து என் உறுப்பினர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன். பயன்படுத்தாத 9 மாதங்களுக்குரிய 13,500 ரூபாயை 15 நாட்களுக்குள் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி ஆணையத்தை அணுகுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.”

உங்கள் காரணம் வேறாக இருந்தால் நடுவில் உள்ள மூன்று வாக்கியங்கள் மாறும். மின்னஞ்சலில் அனுப்பியதோடு, கிளைக்கும் ரசீதில் உள்ள நிறுவனத்தின் பதிவு முகவரிக்கும் விரைவு அஞ்சலில் ஒரு நகல் அனுப்பிச் சேர்ப்பு விவரத்தைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் அனுப்பிய பிறகு ஜிம்முக்குப் போகாதீர்கள். விரல் ரேகைப் பதிவு ஒன்று இருந்தால்கூட, ஒப்பந்தம் தொடர்ந்தது என்று வாதிட அது போதும்.

இஎம்ஐ, ஆட்டோ பே: இங்கேதான் பலர் சிக்குகிறார்கள்

‘வட்டியில்லா இஎம்ஐ’ என்று சொல்லிச் சேர்த்திருந்தால், நீங்கள் இரண்டு ஒப்பந்தங்களில் இருக்கிறீர்கள் என்பதை முதலில் உணர வேண்டும். ஒன்று ஜிம்முடன், மற்றொன்று வங்கியுடனோ நிதி நிறுவனத்துடனோ. ஜிம்முக்கு அவர்கள் முழுத் தொகையையும் அப்போதே கொடுத்திருப்பார்கள். ஜிம் மோசம் என்பதற்காகத் தவணையை நிறுத்தினால் பாதிப்பு ஜிம்முக்கு அல்ல, உங்கள் சிபில் மதிப்பெண்ணுக்குத்தான். கணக்கைக் காலியாக வைத்துத் தவணை திரும்பட்டும் என்று விடுவது இன்னும் ஆபத்தானது. போதிய பணமில்லாமல் மின்னணுப் பற்று திரும்பிவருவதை, காசோலை திரும்புவதைப் போலவே தண்டிக்கத்தக்க குற்றமாக 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தும் முறைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவு ஆக்கியிருக்கிறது.

ஆகவே தவணையைக் கட்டிக்கொண்டே ஜிம்மிடம் பணத்தைக் கேளுங்கள்; அதே கடிதத்தின் நகலை நிதி நிறுவனத்துக்கும் அனுப்பி, ஜிம் கடனை ரத்து செய்து தொகையைத் திருப்பினால் அதை ஏற்குமாறு கேளுங்கள். செயலி வழியாக எடுத்த டிஜிட்டல் கடன் என்றால், அசலையும் அதுவரைக்குமான விகிதாசாரக் கட்டணத்தையும் கட்டி அபராதமின்றி வெளியேற, குறைந்தது ஒரு நாளாவது அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சேர்ந்த மறுநாளே மனம் மாறியவர்கள் இதை உடனே பார்க்க வேண்டும்.

மாதந்தோறும் யுபிஐ ஆட்டோ பே வழியாகச் சந்தா போகிறது என்றால் நிலைமை எளிது. விலகல் கடிதத்தை அனுப்பிவிட்டு, உங்கள் யுபிஐ செயலியிலேயே அந்த ஒப்புதலை ரத்து செய்யலாம். ஜிம்மின் சம்மதம் தேவையில்லை. ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பதும் விதி. செயலியில் சேர்வதற்கு ஒரே பொத்தானும், விலகுவதற்கு முடிவில்லாத சுற்றுவழியும் வைத்திருந்தால், அது 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டுதல்களில் ‘சந்தாப் பொறி’ என்று பெயரிட்டே தடுக்கப்பட்டிருக்கிறது.

பதில் வராவிட்டால்

பதினைந்து நாட்கள் கழிந்ததும் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணை அழையுங்கள், தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் பல கிளைகள் கொண்ட பெரிய நிறுவனம் என்றால், கிளை மேலாளரைத் தாண்டிப் புகார் மேலே போய்ச் சேர இது நல்ல வழி.

அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். கிளையை நடத்துபவர் பிராஞ்சைஸ் (பிராண்டின் பெயரில் நடத்தும் உரிமம்) எடுத்தவராக இருந்தால், பிராண்டுக்குரிய நிறுவனத்தையும் சேர்த்து இருவரையும் எதிர்த்தரப்பாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நுகர்வோர் மீது இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(46)-ஆவது பிரிவு ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்கிறது. ஆனால் ஒரு நிபந்தனையை நியாயமற்றது, செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் தரப்பட்டிருக்கிறது. மாவட்ட ஆணையத்துக்கு அல்ல. பதினெட்டாயிரம் ரூபாய்க்காக மாநில ஆணையம் வரை செல்வது பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகாது. எனவே புகாரை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தலைப்பிட்டு எழுதாமல், சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டின் மேல் நிறுத்துங்கள். ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் நுழைப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 ஏப்ரலில் பயனியர் அர்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, வீடு வாங்கியவர் தொடர்பான வழக்கு என்றாலும், உங்களுக்கும் துணை நிற்கும்.

புகாரில் தொகை, வட்டி, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். இழப்பீட்டை லட்சக்கணக்கில் உயர்த்துவதால் பயனில்லை. அறிவிப்பு கிடைத்த ஜிம் 30 நாட்களில், மிஞ்சினால் மேலும் 15 நாட்களில் பதில் தாக்கல் செய்தாக வேண்டும். மூன்று மாதங்களில் தீர்க்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வழக்குகள் அதைத் தாண்டி நீள்வது வழக்கம். இடையில் ஆணையம் சமரசத்துக்கு அனுப்பினால் மறுக்காதீர்கள். இந்த அளவுத் தொகைகளில் பணம் விரைவாகக் கைக்கு வருவது அங்கேதான்.

ஜிம் மூடப்பட்டால்

ஒரு நாள் காலையில் போய்ப் பார்க்கும்போது ஷட்டர் இறங்கியிருந்தால் வேகம் முக்கியம். கிரெடிட் கார்டிலோ டெபிட் கார்டிலோ கட்டியிருந்தால், சேவை வழங்கப்படவில்லை என்று அன்றே வங்கியில் தகராறு பதியுங்கள். ஷட்டரையும் அறிவிப்பையும் படமெடுங்கள். மற்ற உறுப்பினர்களோடு சேருங்கள். பலரின் நலன் ஒன்றாக இருக்கும்போது ஆணையத்தின் அனுமதியுடன் அனைவருக்குமாக ஒரே புகார் தரவும், மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் முறையிடவும் சட்டத்தில் இடம் உண்டு. மூடப்போவது தெரிந்தே கடைசி வாரம் வரை ஆண்டுச் சந்தா வசூலித்தார்கள் என்றால் அது மோசடி. காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

ஆணையம் உத்தரவிட்ட பிறகும் ஜிம் பணம் தராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 71-ஆவது பிரிவின்படி அதை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போல நிறைவேற்றக் கோரலாம். 72-ஆவது பிரிவின்படி, உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கக் கேட்கலாம். அவர்கள் மேல்முறையீட்டுக்குச் செல்வதானால் 45 நாட்களுக்குள், உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் செல்ல முடியும்.